மாயக் கதையில் சொல் கற்றல்

சொற்பொருள் உணர்த்தப் புகுந்த தொல்காப்பியர் உரியியலில் ஒரு நெறி வகுத்தார். யாவரும் அறிந்த சொல்லை விளக்க வேண்டுவதில்லை. அரிய சொல்லையே விளக்க வேண்டும். அதனையும் பழகிய சொல்லோடு சார்த்தியே உணர்த்த வேண்டும் என்பது அந்நெறி. பின்வந்த திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் ஒரு பொருள் குறித்த பல சொற்களைத் தொகுத்துத் தந்தன. திண்ணைப் பள்ளி மாணவர் நிகண்டை நெட்டுருச் செய்தனர். இன்றைய மாணவர் பாடநூலின் அருஞ்சொற்பொருளை நெட்டுருச் செய்கின்றனர். அது தேர்வு முடியும் வரை நிற்கிறது, பின்னர் மறைகிறது. சொல் நெஞ்சில் தங்குவதற்கு வேறு வழி உண்டா? அற்புதம் நிறைந்த நெடுங்கதை அத்தகைய வழிகளுள் ஒன்று என்பது என் துணிபு. ஆயினும் அவ்வழியில் ஒரு பள்ளமும் உண்டு. இரண்டையும் ஈண்டு ஆராய்வோம்.

சமூக நாவலில் வரும் மாந்தர் பேருந்தில் ஏறுவர், தொலைபேசியில் பேசுவர், நாம் வீட்டில் பேசும் மொழியையே பேசுவர். அதனைப் படிப்பவருக்குப் புதிய சொல் தேவைப்படுவது குறைவு. மாய உலகிலோ இவற்றுக்கு இடமில்லை. அங்கே வேந்தரும் நாகரும் முனிவரும் வேழமும் புரவியும் உலவுகின்றனர். அவ்வுலகைப் படைப்பவர் பழஞ்சொற் களஞ்சியத்தைத் திறந்தே தீரவேண்டும். 1954, 1955ஆம் ஆண்டுகளில் மோதிரங்களின் தலைவனைப் பற்றிய பெருங்கதையை ஆங்கிலத்தில் வெளியிட்ட டோல்கீன், பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். இளமையில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிப் பணியிலும் இருந்தவர். அகராதி செய்த கை அற்புதக் கதை எழுதியது வியப்பன்று.

தமிழில் இதற்குத் தக்க சான்று ஜெயமோகனின் ‘வெண்முரசு’. 2014 சனவரியில் தொடங்கி 2020 சூலை வரை இணையத்தில் நாள்தோறும் வெளிவந்து 26 நாவல்களாக நிறைந்த தொடர் அது. மகாபாரதத்தைத் தழுவியதாதலின் அதனை வெறும் மாயக் கதை எனல் பொருந்தாது. எனினும் நாகர் உலகும் தேவர் உலகும் சூதர் பாடும் கதைகளும் கலந்து வரும் மிகுபுனைவு அது என்பதில் ஐயமில்லை. ஆங்கிலச் சொல்லை அறவே நீக்கி, வடசொல்லையும் பெரிதும் குறைத்து எழுதப்பெற்ற உரைநடை அதனுடையது. தியானம் அங்கே ஊழ்கம் ஆகிறது. மந்திரம் நுண்சொல் ஆகிறது. இரத்தம் குருதியாகவும் மேகம் முகிலாகவும் மகிழ்ச்சி உவகையாகவும் வருகின்றன.

பூச்சோங்கில் படிவம் நான்கிலும் ஐந்திலும் பயிலும் மாணவர் அறுவரோடு, ஞாயிறுதோறும் இத்தொடரின் முதல் நூலாகிய ‘முதற்கனலை’ப் படித்து வந்தேன். கின்ராரா, காசல்பீல்டு என்னும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த ஊர் இது. இன்று அப்பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் நிற்கின்றன. தோட்டங்கள் இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் கடைவீதிகளும் எழுந்துள்ளன. எம் மாணவர் வீட்டிலும் வகுப்பிலும் தமிழ் கேட்கின்றனர். வெளியே மலாயும் ஆங்கிலமும் சீனமும் கேட்கின்றனர். அவர்கள் அறிந்த தமிழ்ச் சொல் பெரும்பாலும் பாடநூல் தந்த சொல்லே.

நாகர்குலத்து அன்னை மானசாதேவி தன் மகன் ஆஸ்திகனுக்குக் கதை கூறும் தொடக்கத்தில், பக்கத்துக்குப் பத்துச் சொல் எம் மாணவரைத் தடுத்தது. நான் பொருள் கூறவில்லை. கதையை விடாது படிக்கச் சொன்னேன். நான்காம் வாரத்தில் ‘புரவி’ என்பதற்கு ஒருவரும் நிற்கவில்லை. யாரும் சொல்லித்தராமலே, கடிவாளமும் குளம்போசையும் அவர்களுக்கு அதனை உணர்த்தியிருந்தன. யானை என்னும் ஒரு சொல்லையே அறிந்திருந்தவர்கள், களிறு ஆண் என்றும் பிடி பெண் என்றும் தாமே பிரித்து உரைத்தனர். பழகாத சொல் பழகிய சொற்களின் நடுவே பன்முறை வருகிறது; வருந்தோறும் சிறிது தெளிகிறது. உரியியல் வகுத்த நெறி இதுவேயன்றோ? தொல்காப்பியர் ஒரு நூற்பாவில் செய்வதை நாவலாசிரியர் நூறு பக்கங்களில் செய்கிறார் எனலாம்.

மற்றொரு பயனும் கண்டேன். தொடரின் இருபத்துநான்காம் நூலுக்குக் ‘களிற்றியானை நிரை’ என்பது பெயர். நூற்பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, “நிரை என்றால் என்னங்க ஐயா?” என்று கேட்டாள். வீட்டில் பாட்டியைக் கேட்டுவரச் சொன்னேன். பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். “நெரை தெரியாதா? ஆளுக்கு ஒரு நெரை பிரிச்சுக் குடுப்பாங்கல்ல” என்றாராம். மரவரிசையைக் குறிக்கத் தோட்டத்து மக்கள் நாளும் வழங்கிய சொல் அது. அகநானூற்றின் முதல் 120 பாடல்கள் அடங்கிய பகுதியின் பெயரும் களிற்றியானை நிரையே என்று நான் கூறியபோது அம்மாணவி அடைந்த உவகை பெரிது. சங்கநூற் பகுதியின் பெயரில் உள்ள சொல், தன் பாட்டியின் வாயில் இருந்த சொல்! எந்தச் சொற்பட்டியலும் இதனைக் கற்பித்திராது.

இனிப் பள்ளத்தைக் காண்போம். அம்மாணவருள் ஒருவன் பள்ளிப் பரிசளிப்பு விழாவைப் பற்றிக் கட்டுரை எழுதினான். அதில், நிமித்திகர் மேடையேறிப் பரிசு பெறுவோரின் பெயர்களை அறிவித்தார் என்று எழுதியிருந்தான். ‘வெண்முரசி’ல் அரசவை கூடும்போது நிமித்திகரே அறிவிப்பு மேடையில் ஏறி நிகழ்ச்சியை உரைப்பார். ஆதலின் நிமித்திகர் என்றால் அறிவிப்பாளர் என அவன் கொண்டான். நிமித்தம் நோக்கி வருவது உரைப்பவரே நிமித்திகர் என்பதை, இளங்கோவுக்கு அரசு உண்டு என்ற நிமித்திகனின் கதையைப் பயின்றோர் அறிவர். ‘வெண்முரசி’லும் அப்பொருள் பிற இடங்களில் வருகிறது; அவன் அதனைக் கவனிக்கவில்லை. அவன்மீது பிழை கூறுவதற்கில்லை. கதை தந்த சூழலிலிருந்து நேர்மையாகவே பொருள் கொண்டான்.

கதையின் இயல்பான குறை இது. கதை சொல்லின் ஆட்சியைக் காட்டும். அதன் எல்லையைக் காட்டாது. எச்சொல் சங்க காலத்தது, எச்சொல் தனித்தமிழ் வழியினர் மீட்டது, எச்சொல் ஆசிரியர் தாமே புனைந்தது என்னும் வேறுபாடு கதைக்குள் புலப்படுவதில்லை. ‘ஊழ்கம்’ என்று தேர்வில் எழுதினால் திருத்துவோர் எல்லாரும் ஏற்பர் என்பதற்கு உறுதியில்லை. அதே ஆசிரியரின் ‘விஷ்ணுபுரம்’ 1997இல் வந்தது. கிடந்த திருமால் ஒரு யுகத்துக்கு ஒருமுறை புரண்டு படுப்பார் என்னும் நம்பிக்கையைச் சுற்றிய மாய நகரின் கதை அது. அங்கே தத்துவ வடசொற்கள் மிகுதி. ஆனால் அஜிதனுக்கும் பவதத்தருக்கும் நிகழும் வாதில் சொல்லின் பொருளே வழக்காதலின், பொருள் விளங்காமல் அப்பகுதியைக் கடக்க இயலாது. ‘வெண்முரசி’லோ பல சொற்களை அரைகுறையாக உணர்ந்தும் கதையோடு சென்றுவிடலாம். கற்கும் சொற்கள் மிகுதி; பிறழ உணர்வதற்கு வாய்ப்பும் மிகுதி.

ஆகவே மாயக் கதையை மாணவர் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்குதல் நன்றன்று. முதல் பக்கத்திலேயே பொருள் கூறிக் கதையைக் கெடுத்தலும் நன்றன்று. மாணவர் முதலில் கதையைப் படிக்கட்டும். பொருளைத் தாமே உய்த்துணர்ந்து ஏட்டில் குறிக்கட்டும். பின்னர் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியோடு அதனை ஒப்பிடட்டும். வேறுபடும் இடமே பாடம் நடத்தும் இடம். நிமித்திகரைப் பற்றி அம்மாணவனோடு அரைமணி நேரம் பேசினேன். சிலப்பதிகாரம் வரை சென்றோம். மறுவாரம் அவன் தன் ஏட்டில் அச்சொல்லுக்கு எதிரே இரண்டு பொருள்களையும் எழுதி, எது எவ்விடத்தது என்றும் குறித்து வந்திருந்தான்.