உடைந்த வாக்கியமும் முழு வாக்கியமும்

அழகிப் போட்டியைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நான் எழுதப்போவது ஒரு வாக்கியத்தைப் பற்றி. ஒரு வாக்கியம் எப்படி உண்டாகிறது, யார் அதை உண்டாக்குகிறார்கள், அது உடைந்தபோது யார் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்பதெல்லாம் நம் காரியம் இல்லையென்றால் வேறு எதுதான் நம் காரியம் என்று எனக்குத் தெரியவில்லை.

2007 ஆகஸ்ட் 24. கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் 'மிஸ் டீன் யு.எஸ்.ஏ.' போட்டியின் கடைசிக் கட்டம். தென் கரோலினா மாநிலத்தின் சார்பில் நின்ற 18 வயதுப் பெண்ணிடம் ஒரு நடிகை கேள்வியைப் படிக்கிறார்: அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவரால் உலக வரைபடத்தில் அமெரிக்காவைச் சுட்டிக்காட்ட முடியவில்லை என்று சமீபத்திய கணிப்புகள் காட்டுகின்றன, இதற்குக் காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள்? பதில் சொல்ல அவகாசம் அரை நிமிஷம். அவள் சொன்னதை, அதன் உடைசல் கெடாமல், ஏறக்குறைய இப்படித் தமிழில் வைக்கலாம்: 'என் சொந்த அபிப்பிராயம், அமெரிக்கர்களால் அது முடியவில்லை, ஏனென்றால் நம் தேசத்தில் சில பேரிடம் வரைபடம் இல்லை, அப்புறம் நம் கல்வி, அதாவது தென்னாப்பிரிக்கா, இராக், எல்லா இடத்திலும் போல, அப்படிப்பட்ட, இங்கே நம் கல்வி அமெரிக்காவுக்கு உதவ வேண்டும், தென்னாப்பிரிக்காவுக்கு உதவ வேண்டும், இராக்குக்கும் ஆசிய நாடுகளுக்கும் உதவ வேண்டும், அப்போதுதான் நாம் நம் எதிர்காலத்தைக் கட்டியெழுப்ப...' நேரம் முடிந்துவிட்டது.

யூட்யூப் தொடங்கி அப்போது இரண்டு வருஷம். அந்த அரை நிமிஷத் துண்டைக் கோடிக்கணக்கான தடவை பார்த்தார்கள். தொலைக்காட்சி விதூஷகர்கள் இரவெல்லாம் அதை ஓட்டினார்கள். அந்தப் பெண்ணின் பெயரும் அன்றிலிருந்து மடமைக்கு ஒரு மறுபெயராகிவிட்டது. அந்தப் பெயரை நான் இங்கு எழுதவில்லை. அது போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது.

நகை பிறக்கும் இடங்கள் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கைச் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பாசடீனா மேடையில் நான்குமே ஒருசேர இருந்தன. அதனால் சிரிப்பு வந்ததில் அதிசயம் இல்லை, எனக்கும் வந்தது. ஆனால் உரைகாரர் பேராசிரியர் இந்த நான்கையும் அப்படியே விடுவதில்லை. ஒவ்வொன்றையும் தன்னிடம் தோன்றுவது, பிறரிடம் தோன்றுவது என்று இரண்டாக்கி விரிக்கிறார். பிறர் பேதைமை மட்டுமல்ல, தன் பேதைமையும் நகைக்கு இடம் என்பது அந்த உரையின் நுட்பம். 2007ல் உலகம் சிரித்த சிரிப்பில் அந்தப் பாதி காணாமல் போயிற்று என்பதுதான் நான் சொல்ல வருவது.

வாக்கியத்துக்கு வருவோம். அதில் இருக்கும் பெயர்ச்சொற்களை எண்ணிப்பாருங்கள். தேசம், வரைபடம், கல்வி, தென்னாப்பிரிக்கா, இராக், ஆசிய நாடுகள், எதிர்காலம். வினைகள் இரண்டே: உதவ வேண்டும், கட்டியெழுப்ப வேண்டும். அழகிப் போட்டி மேடையில் மகுடம் சூட்டப்பட்ட எந்தப் பதிலை எடுத்துக்கொண்டாலும் சரக்கு ஏறக்குறைய இதேதான். குழந்தைகள், கல்வி, ஏழை நாடுகள், உதவி, நாளைய உலகம். இந்தப் பெண்ணிடம் எல்லாச் சரக்கும் இருந்தது. இல்லாமல் போனது சரக்கைக் கோக்கும் நூல். 'ஆகவே', 'ஏனெனில்', 'இருந்தபோதிலும்' என்று வரவேண்டிய இடங்களில் 'போல', 'அப்படிப்பட்ட', 'அதாவது' என்று வந்து விழுந்தன. அர்த்தமின்மை அந்த மேடைக்குப் புதிதல்ல. இலக்கணம் அந்த அர்த்தமின்மையின் மேல் விரித்துவைத்திருந்த துணியை அவள் பயத்தில் இழுத்துவிட்டாள். அடியில் இருந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள், அது அவளுடைய சொந்தச் சொத்து என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் நம் தேசத்து உதாரணம் ஒன்றைப் பார்க்கலாம். 2000 நவம்பரில் லண்டனில் நடந்த உலக அழகிப் போட்டியில், இன்று உயிரோடிருக்கும் பெண்களில் மிக வெற்றிகரமானவர் யார் என்று பிரியங்கா சோப்ராவிடம் கேட்டார்கள். அன்னை தெரசா என்றார் அவர். அன்னை தெரசா காலமானது 1997 செப்டம்பர் 5 அன்று. கேள்வியின் உயிரான சொல் 'உயிரோடிருக்கும்' என்பதுதான். பதில் நேராக அதில் போய் முட்டியது. ஆனால் பதில் சரளமாக இருந்தது, குரல் நடுங்கவில்லை, முகத்தில் புன்னகை குலையவில்லை. மகுடம் கிடைத்தது. பிற்பாடு அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சிரிப்பு அவரைத் தொடவில்லை. தப்பான தகவலைச் சரியான தொனியில் சொன்னவருக்குக் கிரீடம், தகவலே இல்லாததைத் தப்பான தொனியில் சொன்னவளுக்குப் பரிகாசம் என்றால், இங்கே அளக்கப்படுவது அறிவு அல்ல என்பது தெளிவு. பாசடீனா நடுவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. அத்தனை உளறலுக்குப் பிறகும் அந்தப் பெண்ணுக்கு அவர்கள் நான்காம் இடம் கொடுத்தார்கள். ஐந்தாவதாக இன்னொருத்தி அவளுக்குக் கீழே நின்றாள். கேள்வி பதில் என்பது அங்கே இன்னொரு உடை. அணிந்து, நடந்து, கழற்றிவைக்க வேண்டியது.

கேள்விக்கு வருவோம். உலகம் பதிலை நூறு தடவை போட்டுக் கேட்டது. கேள்வியை ஒரு தடவையாவது கேட்டதா? நேஷனல் ஜியாகிரபிக் நிறுவனம் ரோப்பர் அமைப்பைக் கொண்டு 18 முதல் 24 வயது வரையிலான அமெரிக்கர்களிடம் நடத்திய கணிப்பில், 2002ல் சொந்த நாட்டை வரைபடத்தில் காட்ட முடியாதவர்கள் 11 சதவீதம். 2006 கணிப்பில் 6 சதவீதம். 11ம் சரி, 6ம் சரி, ஐந்தில் ஒன்று ஆகாது. 2006 கணிப்பில் திடுக்கிட வைக்கிற எண் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வயதினரில் 63 சதவீதம் பேருக்கு மத்திய கிழக்கின் வரைபடத்தில் இராக்கைக் காட்டத் தெரியவில்லை. 2007 ஆகஸ்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் அந்த இராக்கில்தான் இருந்தார்கள். மேடையில் யாரும் அதைக் கேட்கவில்லை. உடைந்த வாக்கியத்தில் இராக் தானாக வந்து விழுந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் அதை வைத்தாள். எங்கே இருக்கிறது என்று தெரியாமலே அவள் தேசம் அங்கே போயிருந்தது.

முழு வாக்கியங்கள் இதைவிட மேலானவையா? 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோலின் பவல் இராக்கின் ஆயுதங்களைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். தட்டுத்தடங்கல் இல்லாத பேச்சு. படங்கள், ஒலிப்பதிவுகள், ஆதாரங்களின் வரிசை. 'ஆகவே'யும் 'ஏனெனில்'லும் அதனதன் இடத்தில் இருந்தன. ஆயுதங்கள்தான் இல்லை. 2005ல் அவரே அதைத் தன் வாழ்க்கையில் ஒரு கறை என்று ஒப்புக்கொண்டார். இராக்குக்கு நாம் உதவ வேண்டும் என்று அந்தப் பெண் உளறியது, அரசாங்கம் நல்ல இலக்கணத்தில் நான்கு வருஷமாகச் சொல்லிவந்ததன் எதிரொலிதான். மூலத்துக்குச் சிரிக்காத சபை எதிரொலிக்குச் சிரித்தது. பேச்சு சரளமாக இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தட்டிப் பார்க்காத பழக்கம் அந்த ஒரு தேசத்துக்கு மட்டும் உரியதல்ல. மேடைத் தமிழ் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, யாரும் கவனிக்காத ஒன்று. சில நாட்கள் கழித்து அந்தப் பெண்ணை ஒரு தொலைக்காட்சிக் காலை நிகழ்ச்சிக்குக் கூட்டிவந்து அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். மேடையில் திகைத்துவிட்டதாகவும் கேள்வியில் ஒன்றிரண்டு சொற்களே காதில் விழுந்ததாகவும் அவள் சொன்னாள். பிறகு பதில் சொன்னாள்: எனக்கும் என் தோழிகளுக்கும் அமெரிக்கா வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும்; தெரியாத யாரையும் எனக்குத் தெரியாது; அந்தப் புள்ளிவிவரங்கள் சரியானவை என்றால், பள்ளிகளில் பூகோளத்துக்கு இன்னும் முக்கியத்துவம் தர வேண்டும். 'சரியானவை என்றால்' என்ற இரண்டு சொற்களை நிறுத்திப் படிக்க வேண்டும். அந்த விவகாரம் முழுவதிலும் கேள்வியைச் சந்தேகித்த சொற்கள் இவைதான். பத்திரிகைக்காரர்களுக்கும் விதூஷகர்களுக்கும் பேராசான்களுக்கும் தோன்றாத ஐயம், நாட்டுக்கே மடச்சி என்று முத்திரை குத்தப்பட்டவளுக்குத் தோன்றியது. ஆனால் அதற்குள் அவளைக் கேட்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். பரிகாசத்தின் முதல் பலி இதுதான்: யாரைப் பார்த்துச் சிரித்துவிட்டோமோ அவர் அடுத்துச் சொல்வது நம் காதில் ஏறுவதில்லை.

2013 ஜூனில் 'மிஸ் யு.எஸ்.ஏ.' மேடையிலும் இதேதான் நடந்தது. குழந்தைகள் உள்ள குடும்பங்களில் 40 சதவீதத்தில் பெண்ணே பிரதான வருவாய் ஈட்டுகிறாள், ஆனாலும் பெண்களுக்குக் கூலி குறைவு, இது சமூகத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று யூட்டா மாநிலப் பெண்ணிடம் கேட்டார்கள். பொருளாதார நிபுணர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியும் தீராத கேள்வி. நீள அங்கியில், விளக்கு வெள்ளத்தில், அரை நிமிஷத்தில் பதில் வேண்டும். அவளும் கல்வி என்றாள். கல்வியை மேலும் நன்றாக 'உண்டாக்க' வேண்டும் என்றாள். மறுபடி சிரிப்பு. மறுபடி நான்காம் இடம். உடம்பைக் காட்டச் சொல்லிவிட்டு ஒரு நொடியில் அறிவைக் காட்டச் சொல்வதும், அது தடுமாறினால் வெறும் உடம்புதானே என்று முடிவுகட்டுவதும் அந்த ஸ்தாபனத்தின் வேலைமுறை. நன்றாகப் பதில் சொன்னாலும் கிடைப்பது வியப்புத்தான். அந்த வியப்பிலும் அதே அவமானம் ஒளிந்திருக்கிறது.

அவள் தானாகத்தானே போனாள், யார் வற்புறுத்தினார்கள் என்று ஒரு கட்சி உண்டு. இதற்கு ஒரு பழைய விவாதம் பதிலாக இருக்கிறது. 1968 செப்டம்பர் 7 அன்று அட்லாண்டிக் சிட்டியில் 'மிஸ் அமெரிக்கா' போட்டிக்கு வெளியே பெண்கள் இயக்கத்தினர் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். உயிருள்ள செம்மறியாடு ஒன்றுக்கு அழகி மகுடம் சூட்டினார்கள். கூர்மையான அங்கதம்தான். ஆனால் அந்த ஆர்ப்பாட்டத்தில் முன்நின்றவர்களில் ஒருவரான கேரல் ஹானிஷ் அதே வருஷம் தன் தோழிகளின் காரியத்தையே விமர்சித்து எழுதினார். போட்டியை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு போட்டியிட்ட பெண்களை எதிர்த்துவிட்டோம், ஆடு என்று சொன்னது யாரை என்று யோசிக்கவில்லை என்பது அதன் சாரம். வெற்றி பெற்ற ஒரு பரிகாசத்தின் கைதட்டல் ஓயும் முன்பே, அது யார்மேல் விழுந்தது என்று விசாரித்த அந்தக் காரியத்தைத்தான் நான் விமர்சனம் என்பேன்.

நமக்கு இதில் என்ன? நிறைய இருக்கிறது. நம் பத்திரிகைகளில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. யாரோ ஒரு இளைஞனின் முதல் தொகுதியிலிருந்து ஒரு வரியைப் பிய்த்தெடுத்து, மேலும் கீழும் எதுவும் இல்லாமல் நடுத்தெருவில் நிறுத்தி, அதன் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டால் விமர்சனம் முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். படிக்கிற முந்நூறு பேரும் சிரிக்கிறார்கள். அந்த வரி மோசமானதாகவே இருக்கலாம்; பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் எந்தக் கேள்விக்குப் பதிலாக அது எழுதப்பட்டது, எந்தப் பிரபலங்களின் முழு வாக்கியங்களைக் கேட்டு இந்த உடைந்த வாக்கியம் பிறந்தது என்பதைத் தேடிப் போவது சிரமம். சிரிப்புக்குச் சிரமம் இல்லை. பரிகாசம் வாக்கியத்தை அதன் கேள்வியிலிருந்து அறுத்தெடுக்கிறது. விமர்சனம் அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கேள்வியோடு பொருத்திப் பார்க்கிறது. பொருத்திய பிறகும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கலாம். அப்போது அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேரும்.

சிரிப்பே வேண்டாம் என்று உபதேசிக்க நான் வரவில்லை. அங்கதம் இல்லாத இலக்கியம் உப்பில்லாப் பண்டம். யாருடைய வாக்கியத்துக்கு அதிகாரம் உண்டோ, யார் வாக்கியத்தால் பட்டாளம் நகருமோ, யார் தவறான எண்ணைச் சரியான உச்சரிப்பில் படித்துவிட்டு மேடையிறங்கிப் போகிறார்களோ அங்கே அது தேவை. அங்கே நம் குரல் தணிந்துவிடுகிறது என்பதுதான் என் குறை.

2015ல் அந்தப் பெண் ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், அந்த நாட்களில் மிகுந்த மனச்சோர்வில் இருந்ததாகவும், தற்கொலையைப் பற்றி யோசித்த இருண்ட தருணங்கள் உண்டு என்றும் சொன்னாள். இதைச் சொல்லும் வாக்கியங்களில் உடைசல் எதுவும் இல்லை. ஓட்டிப் பார்த்துச் சிரிக்க அதில் ஒன்றுமில்லாததால் அவை அவ்வளவாகப் பரவவில்லை.