கோர்மனின் நவஹோ பெண்: ஒரு கல்லச்சுப் படம்

ஆர். சி. கோர்மனின் (1931–2005) கல்லச்சுப் படங்களைப் பார்த்திருக்கீங்களா? போர்வை போர்த்திய நவஹோ பெண் ஒருத்தி வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்திருப்பாள். தோளிலிருந்து பாதம்வரை நீளமான வளைகோடுகள் சில. அவ்வளவுதான்!

கோர்மனும் நவஹோ இனத்தவர், அரிசோனாவில் பிறந்தவர். கல்லச்சை மெக்சிகோவில் கற்றார். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டுவார்கள். ஈரம் மையைத் தள்ளும். கோடு மட்டும் பிடித்துக்கொள்ளும். அதனால் கையின் அழுத்தம்கூட தாளில் தெரியும்.

எட்வர்ட் கர்ட்டிஸ் 1904-இல் எடுத்த புகைப்படத்தில் நவஹோ மக்கள் குதிரையேறி இருளுக்குள் போறாங்க. தலைப்பு, 'மறையும் இனம்'. கோர்மனின் பெண்ணோ எங்கேயும் போகவில்லை, மலைபோல் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் புகைப்படத்துக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

ஆனாலும் ஒரு குறை. படத்துக்குப் படம் ஏறக்குறைய அதே பெண்தான். அவள் யார், என்ன நினைக்கிறாள் என்பது நமக்குத் தெரிவதில்லை. ஆள் மறைந்து அடையாளம் மட்டும் நிற்கிறது.

மாணவர்களே, 'படம் அழகாக உள்ளது' என்று எழுதி முடிச்சிடாதீங்க. கோடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, இரண்டையும் எழுதுங்க.