நரி ஊளையிட்ட மேடு

கொழும்பில், கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், வுல்வெண்டால் மேட்டில் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் இருக்கிறது. அந்நாளில் மேட்டைச் சுற்றிச் சதுப்பு நிலம். இரவெல்லாம் நரி ஊளையிடும். நம் நாட்டில் ஓநாய் ஏது? வந்தவர்கள் நரியை ஓநாயாக்கிவிட்டார்கள். ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள்.

1749இல் அத்திவாரம் இட்டு, 1757இல் திறந்தார்கள். சிலுவை வடிவம். செம்புறைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர்கள் ஏறக்குறைய ஐந்து அடி தடிப்பு. வெளியே ஆட்டோக்களின் இரைச்சல் எவ்வளவு இருந்தாலும், வாசலைத் தாண்டியதும் அது அடங்கிப் போகும். பட்டப்பகல் வெயிலிலும் சுவரில் கை வைத்தால் குளிர்ச்சி. எனக்கு அந்தக் குளிர்ச்சிதான் பெரிய அழகு.

தரையைப் பார்த்து நடக்கவேண்டும். கோட்டையில் இருந்த பழைய ஆலயம் பாழடைந்ததால், அங்கே அடக்கம் செய்யப்பட்ட ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்களை 1813இல் இங்கே கொண்டுவந்தார்கள். தரையில் குடும்பச் சின்னங்கள் புடைப்பாகச் செதுக்கிய கல்லறைப் பலகைகள். குனிந்து விரலால் தடவினேன்: பலர் மிதித்த இடத்தில் எழுத்து மழுங்கியிருக்கிறது, சுவரோரம் இன்னும் கூராக நிற்கிறது.

இந்தச் செம்புறைக்கல் சுவர்களுக்குச் சீமெந்து பூசவே கூடாது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அதை உள்ளே அடைத்து, கல்லையே உதிர வைக்கும். கொழும்பு மழைக்கு இரண்டரை நூற்றாண்டாக ஈடுகொடுத்தது அந்தச் சுண்ணாம்புதான். இனிப் பழுதுபார்ப்பவர்களும் சுண்ணாம்புச் சாந்தையே குழைக்கட்டும்.