சோழியும் வாய்பாடும்: தமிழ்நாட்டு வானியல் வரலாறு பற்றிய ஒரு திறனாய்வு

பழந்தமிழ் இலக்கியத்துள் அறிவியலைத் தேடும் முயற்சி நம் ஆராய்ச்சியுலகில் நெடுநாளாக நடைபெற்று வருகின்றது. ஒரு பாட்டில் ‘அணு’ என்னும் சொல் வரின் அதனை இக்கால அணுவியலின் முன்னறிவிப்பாகக் கொள்வார் உளர். ஓட்டுவோன் இல்லாத வானவூர்தி பற்றிய குறிப்பைக் கண்டு, பண்டைத் தமிழர் பறக்கும் பொறி செய்தனர் என முடிவு கட்டுவாரும் உளர். இவை முன்னோர்க்குப் பெருமை தேடுவன போலத் தோன்றினும், அவர்கள் உண்மையாகச் செய்த அறிவுப்பணியை நம் கண்ணினின்று மறைத்துவிடுகின்றன என்பது எமது துணிபு. அதனை நிறுவுதற்கு ஒரு பாடலையும், இரண்டு கணிப்புகளையும், ஒரு பதிப்பையும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 30ஆம் பாடல் இவ்வாராய்ச்சியில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பெறுவது. ஞாயிறு செல்லும் வழி, அதன் இயக்கம், அவ்வியக்கம் சூழ்ந்த வட்டம், காற்று வீசும் திசை, பற்றுக்கோடின்றி நிற்கும் வானம் ஆகியவற்றை நேரிற் கண்டு அளந்தவர் போல ‘இவ்வளவின’ என்று உரைப்பாரும் உண்டு என்கிறார் புலவர். அத்தகையோர் அறிவுக்கும் எட்டாதது அரசன் வலிமை என்பதே பாட்டின் கருத்து. இதனை வானியற் பெருமைக்குச் சான்று காட்டுவோர் ‘அளத்தல்’ என்பதையே நோக்குகின்றனர். ‘போல’ என்னும் உவம உருபை நோக்குவதில்லை. வானிற்குச் சென்றவர் எவருமிலர். சென்றவர் போல உரைப்போர் உளர். செல்லாமலே அளத்தற்கு உரிய வழி கணக்கு ஆகும். எனவே, வானைக் கணக்கினால் அளப்போர் அக்காலத்தும் இருந்தனர் என்பதே இப்பாடலால் நாம் பெறும் செய்தி. அவர்கள் கண்ட அளவும் கையாண்ட முறையும் பாட்டில் இல்லை; புலவர்க்கு அவை வேண்டப்படவுமில்லை.

அத்தகைய கணக்கு முறையொன்றை விளங்கக் காண்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்கு வரல் வேண்டும். சங்க காலத்தாரோடு அங்கிருந்த கணக்கரை நேர்த்தொடர்ச்சியாக இணைத்தற்குச் சான்று இல்லை. தொழில் ஒத்தது என்ற அளவிலேயே இரண்டனையும் ஒருங்கு வைக்கின்றோம். வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் காட்சியை ஆராயும் பொருட்டு வந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜென்டில், 1769இல் மேகத்தால் அக்காட்சியை இழந்தார். ஆயினும் தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்முறை 41 நொடி குறைத்துக் காட்டியது. அக்கால ஐரோப்பாவிற் சிறந்தனவாக மதிக்கப்பெற்ற தோபியாஸ் மேயரின் பட்டியல்கள் 68 நொடி மிகுத்துக் காட்டின.

இரண்டாம் கணிப்பைப் பதிவு செய்தவர் ஜான் வாரன். இவர் நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை 1805 முதல் சில ஆண்டுகள் வகித்தவர். 1825இல் வெளியிட்ட ‘காலசங்கலித’த்தில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, ஏடு எதனையும் நோக்காது, மனப்பாடமான சொற்களிலிருந்து எண்களை எடுத்துக் கிரகணம் கணித்ததை அவர் விளக்கியுள்ளார். அவ்வாண்டு மே இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்திற்கு அவர் கண்ட காலம் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழைபட்டது.

பெருமை பேசுவோர் முதற்கணிப்பை மட்டும் கூறுவர். இகழ்வோர் இரண்டாவதை மட்டும் கூறுவர். இரண்டனையும் ஒருங்கே வைத்து நோக்குவதே ஆராய்ச்சி நெறியாகும்.

வாரன் தம் கணக்கரைக் கோட்பாடு அறியாதவர், ஆயின் நினைவாற்றல் மிக்கவர் என மதிப்பிட்டார். 1952இல் ‘தமிழ் வானியல்’ என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதிய ஓட்டோ நாய்கெபவர், பாபிலோனிய எண்முறையின் எச்சம் இங்கு உயிரோடிருந்தமையைக் கண்டு வியந்தார். இருவர் கருத்தும் மதிக்கத்தக்கனவே. எனினும், நினைவை அறிவின் குறையாகவோ பழமையின் எச்சமாகவோ மட்டும் கொள்வது போதாது. ஈண்டு நினைவே கருவியாக அமைந்தது.

அக்கருவியின் அமைப்பு எளிது. திங்களின் வேகம் மிகுந்தும் குறைந்தும் மீண்டும் பழைய நிலையை அடைய ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். அத்தகைய ஒன்பது சுற்று 248 நாளாகும். ஆகவே நாளுக்கு ஒன்றாக 248 எண்களை அறிந்தால் திங்களின் இடத்தைக் கூட்டலாலேயே பெறலாம். எழுத்துக்கு எண்மதிப்புத் தந்து, இவ்வெண்களைப் பொருளுடைய வாக்கியங்களாக்கினர். வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் பெயர் இதனால் அமைந்தது. நிகண்டைப் பாட்டாக்கிச் சொற்பொருளைக் காத்த மரபினர்க்கு இது புதிய செய்தியன்று.

இம்முறைக்குரிய ‘வாக்கியகரணம்’ என்னும் வடமொழி நூல் கி.பி. 1300ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் எழுந்தது. சுந்தரராசரின் உரையோடு இதனைக் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பிக்க, மயிலாப்பூர்க் குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிலையம் 1962இல் வெளியிட்டது. சோழியோடு கண்ட கணக்கர் பின்னே ஒரு நூல்மரபும் உரைமரபும் நின்றன என்பதை இப்பதிப்பு தெளிவாக்கியது. கோட்பாடு நூலாசிரியரிடத்தும் உரையாசிரியரிடத்தும் இருந்தது. செயல் கணக்கரிடத்து இருந்தது. ஒருவரை மட்டும் நோக்கி அறியாமை கூறுதல், வாய்பாட்டால் பெருக்கும் வணிகனைக் கணிதம் அறியான் என்பது போலும்.

ஆயினும் பிழை எங்ஙனம் நேர்ந்தது என வினவலாம். சொல்லில் அமைந்த எண் சிதையாது நிற்கும். அதனாலேயே காலந்தோறும் திருத்தம் பெறாதும் நின்றுவிடும். இதற்கு வடிவத்தைக் குறை கூற இயலாது. கேரளத்து மாதவர் பதினான்காம் நூற்றாண்டை ஒட்டி அதே 248 வாக்கியங்களை நுண்ணிய அளவுகளுடன் புதுக்கி அமைத்தார். வாக்கியத்தை ஆக்கவல்லார் வேறாகவும் ஓதுவார் வேறாகவும் பிரிந்தவிடத்தே தேக்கம் நேர்ந்தது என்று கொள்ளுதல் பொருந்தும். அப்பிரிவை நீக்க முயன்றவராகச் சென்னை வானாய்வகத்தின் துணைவர் சிந்தாமணி இரகுநாதாசாரியைக் குறிப்பிடலாம். 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த அவரே, கண்கூடான நோக்கோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். வாக்கியமும் திருக்கணிதமும் இன்றும் தமிழ்நாட்டில் அருகருகே வழங்குகின்றன.

இவற்றால் பெறப்படும் முடிபு யாதெனின், தமிழ்நாட்டு அறிவியல் வரலாறு பாட்டின் உவமைகளிலிருந்து பிழிந்தெடுக்கப்பட வேண்டியதன்று என்பதாம். அது வாய்பாட்டிலும் எண்சுவடியிலும் பஞ்சாங்க ஏட்டிலும் எழுதிக் கிடக்கின்றது. அவற்றை வடமொழியெனவோ சோதிடமெனவோ ஒதுக்காது, பாடவேறுபாடு கண்டு பதிப்பித்தலும், எண்ணைச் சரிபார்த்தலும், பிழையைப் பிழையென்றே கூறுதலும் நம் துறையின் கடமைகளாகும். சாத்தனார் காட்டிய அளப்போர்க்கு நாம் செய்யும் மதிப்பு அவர்தம் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதேயாம்.