ஆண் மீன்கள் மட்டும் வாழும் தொட்டி

வீட்டில் பவளத்தொட்டி வைத்திருப்பவர்களிடம் ராஸ் மீன்களைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது ஒரு கேள்விதான்: எது எதோடு ஒத்துப்போகும்? இதற்கான விடையும் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஃபேரி ராஸையும் ஃப்ளாஷர் ராஸையும் சேர்த்து விடலாம். மணலில் தூங்கும் ஹாலிகோரஸ் வகையில் ஓரிரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். சிக்ஸ் லைன் ராஸை விடவே கூடாது. ஒவ்வோர் இனத்திலும் ஓர் ஆண் போதும். இப்படிச் சேர்த்த தொட்டிகள் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கின்றன. அந்த அமைதி எப்படி வருகிறது, அதற்கு எதை விலையாகக் கொடுக்கிறோம் என்று கேட்பவர்கள்தான் குறைவு.

முதலில் இந்த வழக்கத்தின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். ராஸ்கள் அடங்கிய லாப்ரிடே குடும்பத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. விரல் நீளமே உள்ள ஃப்ளாஷரும் 2 மீட்டர் வரை வளரும் நெப்போலியன் ராஸும் இதே குடும்பம்தான். கடைத் தொட்டியில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைத் திட்டுகளோடு அழகாக நிற்கும் கோரிஸ் கைமார்ட் குஞ்சு 40 செ.மீ. வரை வளரும், கல்லைப் புரட்டிப் போட்டு நத்தையையும் இறாலையும் நொறுக்கித் தின்னும். "ராஸ் வேண்டும்" என்று மட்டும் கேட்டு வாங்குகிறவருக்கு இது தெரிய வழியில்லை. எந்தப் பேரினம், எவ்வளவு வளரும், என்ன தின்னும், எங்கே தூங்கும் என்று பார்த்து வாங்கும் பழக்கத்தை ஏற்படுத்தியதே இந்தப் பொருத்தப் பட்டியல்தான்.

பட்டியல் பலிப்பதற்கு உயிரியல் காரணமும் இருக்கிறது. ஃபேரி ராஸும் ஃப்ளாஷரும் நடுநீரில் நின்று, ஓட்டத்தோடு வரும் மிதவை உயிர்களைப் பிடித்துத் தின்பவை. இரவானால் பாறை இடுக்கில் நுழைந்து, உடம்பைச் சுற்றி வழவழப்பான சளிக்கூடு ஒன்றைச் சுரந்துகொண்டு தூங்கும். ஹாலிகோரஸ் பாறையிலும் மணலிலும் கொத்தி மேயும். விளக்கு அணையும் முன்பே தலைகீழாகப் பாய்ந்து மணலுக்குள் மறைந்துவிடும். மேயும் இடமும் படுக்கும் இடமும் வேறு வேறாக இருப்பதால் மோதலுக்குக் காரணம் குறைகிறது. சிக்ஸ் லைன் அப்படியில்லை. பாறை இடுக்குகள் முழுவதையும் தனதென்று எண்ணும் மீன் அது. கடலில் அதன் ராஜ்ஜியத்துக்கு வெளியே போக மற்ற மீன்களுக்கு இடமிருக்கிறது. மூன்றடித் தொட்டியில் அந்த வெளியே என்பதுதான் கிடையாது. பிறகு வந்த மீனை அது மூலையில் ஒடுக்கி, செதிலைக் கொத்தி, சாப்பிட விடாமலே கொன்றுவிடும்.

பட்டியலில் வராத சில விஷயங்கள் பட்டியலைவிட முக்கியமானவை. எதை முதலில் விட்டோம், எதைக் கடைசியில் விட்டோம் என்பது அவற்றில் முதன்மையானது. சாதுவான ஃப்ளாஷர்களை முதலிலும் முரடான ஃபேரி ராஸைக் கடைசியிலும் விட்ட தொட்டி நன்றாக இருக்கும். அதே மீன்களை வரிசை மாற்றி விட்டால் ரணகளமாகும். புதிதாக வரும் மீனைத் துளையிட்ட கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே சில நாள் தொங்கவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். பழைய மீன் பெட்டியருகே வந்து துடுப்பை விரித்து முறைக்கும், கண்ணாடியில் மோதும், மறுநாளும் வரும். அது வருவதை நிறுத்தி, தன் பாட்டுக்கு மேயத் தொடங்கிய பிறகுதான் புதியதை வெளியே விடுவார்கள். பொருத்தத்தின் பாதி இந்தப் பொறுமையில் இருக்கிறது.

மூடியும் அப்படித்தான். மிரண்ட ராஸ் நீரைவிட்டு எகிறும். விரலளவு இடைவெளி போதும், தரையில் கருவாடாகக் கிடக்கும். நெருக்கமான வலை மூடி இல்லாத தொட்டியில் எந்தப் பொருத்தமும் பயன்படாது.

என் முக்கியமான மறுப்பு "ஒவ்வோர் இனத்திலும் ஓர் ஆண்" என்ற விதியின் மீது. இந்த விதி நிறத்துக்காக வந்தது. ஃபேரி, ஃப்ளாஷர் வகைகளில் பெண் மீன் மங்கலான சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். கண்ணைப் பறிப்பது ஆண். வெவ்வேறு இனத்து ஆண்கள் எதிரெதிரே வரும்போது நடப்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். இரண்டும் பக்கவாட்டில் இணையாக நிற்கும், முதுகுத் துடுப்பு எழும்பும், உடலின் நீலக் கோடுகள் நொடிப்பொழுதில் மின்னேற்றியதுபோல ஒளிரும், பிறகு கடிக்காமலே பிரிந்துவிடும். இதைக் காட்டித்தான் பலரும் கலப்பு ஆண் தொட்டியை நியாயப்படுத்துகிறார்கள். ஆண்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் நிறம் மங்காது என்பது அவர்கள் வாதம். ஓரளவு உண்மைதான். ஒற்றை ஆணாக விடப்பட்ட ஃபேரி ராஸ் காலப்போக்கில் வெளிறிப்போவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் துடுப்பும் மினுக்கமும் யாருக்காக? பவளத்திட்டில், பொழுது சாயும் நேரத்தில், தன் கூட்டத்துப் பெண்களுக்காக. பல ராஸ்களின் வாழ்வில் அடிப்படை அலகு ஓர் ஆணும் பல பெண்களும் கொண்ட கூட்டம். உயிரியலாளர் டி. ஆர். ராபர்ட்சன் 1972இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் கிளீனர் ராஸ் கூட்டங்களிலிருந்து ஆணை நீக்கியபோது, மூத்த பெண் சில மணி நேரத்திலேயே ஆணைப்போல் நடக்கத் தொடங்கியது. இரண்டு மூன்று வாரங்களில் விந்து உற்பத்தி செய்யும் ஆணாகவே மாறியது. ஆணின் அதிகாரம்தான் பெண்ணைப் பெண்ணாகவே நிறுத்தி வைக்கிறது. இப்படிப்பட்ட சமூகத்திலிருந்து உச்சியில் இருக்கும் ஒன்றை மட்டும் உருவி எடுத்து, வேறு ஐந்து கூட்டங்களின் ஆண்களோடு சேர்த்து வைத்துவிட்டு, அதைப் "பொருத்தம்" என்கிறோம். அவை சண்டையிடவில்லை என்பதைத் தவிர அந்தப் பொருத்தத்தில் வேறொன்றும் இல்லை.

இதில் கடலுக்கும் பங்கிருக்கிறது. விற்பனைக்கு வரும் ராஸ்கள் ஏறக்குறைய எல்லாமே கடலில் பிடிக்கப்பட்டவை. வளர்ந்த ஆணுக்குத்தான் விலை என்பதால் பிடிப்பவரும் ஆணையே தேடிப் பிடிக்கிறார். அந்த ஆண் தன் ஆயுளில் கணிசமான பகுதியை ஏற்கெனவே கடலில் கழித்துவிட்டது. சில ஆண்டுகளே வாழும் ஃப்ளாஷர் போன்ற சிறிய மீனில், நிறம் முழுமையாக ஏறிய ஆணை வாங்குவது முதுமையை வாங்குவதுதான். "நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று போய்விட்டது" என்ற புலம்பல்களில் பலவற்றுக்கு இது காரணமாக இருக்கலாம். மாலத்தீவில் வாழும் சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா என்ற ஃபேரி ராஸ் தனி இனமாக 2022இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. அதற்கு முன்பே அது அலங்கார மீன் சந்தையில் விலைபோய்க்கொண்டிருந்தது. ஓர் இனம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவதற்கு முன்பே அதன் ஆண்களை எண்ணி விற்கும் வியாபாரம் இது.

பூச்சிகளைத் தின்னும் என்பதற்காக ராஸ் விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெலனூரஸ், மஞ்சள் நிற கிரைசஸ் போன்ற ஹாலிகோரஸ்கள் தட்டைப்புழுக்களையும், ட்ரிடாக்னா சிப்பிகளின் உடற்சாற்றை உறிஞ்சும் சிறு நத்தைகளையும் தின்பது உண்மை. ஆனால் மீனுக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற பேதமில்லை. பாறையில் ஊரும் நுண்ணிய ஓட்டுயிர்களான கோப்பிபாடுகளையும் அதே வாய் தின்கிறது. பெரும்பாலும் அவற்றையே நம்பியிருக்கும் மாண்டரின் மீன் அதே தொட்டியில் மெல்ல மெல்லப் பட்டினியில் சாகும். அழகுக்காக வாங்கப்படும் லெபர்ட் ராஸுக்கும் இதே கதிதான். புதிதாக வந்தால் நாள்கணக்கில் மணலுக்குள் கிடக்கும், எழுந்தாலும் உயிருள்ள நுண்ணிரையைத்தான் தேடும். புதுத் தொட்டியில் அதற்கு உணவே இருக்காது. யாரோடும் சண்டைக்குப் போகாததால் அதையும் பொருத்தமான மீன் என்கிறார்கள்.

பல ராஸ்கள் இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளையாவது தீனி போட வேண்டும். இதனால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும். மென்பவளங்கள் தாங்கிக்கொள்ளும், சில அதில் கொழிக்கவும் செய்யும். கிளைவிடும் கடினப் பவளங்கள் வைத்திருப்பவர் கழிவை நீக்கும் ஸ்கிம்மரையும் நீர் மாற்றுவதையும் கூட்டித்தான் ஆக வேண்டும். மீன்கள் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பார்க்கும் நாம் அவை பவளத்தோடு பொருந்துவதைப் பார்ப்பதில்லை.

நான்கடித் தொட்டியில் ஆறு இனத்து ஆறு ஆண்களுக்குப் பதிலாக ஒரே ஃபேரி இனத்தில் நான்கு இளம் மீன்கள், தனியாக ஒரு ஹாலிகோரஸ், அதற்கு இரண்டு மூன்று அங்குல நுண்மணல் என்று வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இதிலும் சிரமம் உண்டு. ஃபேரி ராஸின் பெண்கள் இனத்துக்கு இனம் ஒன்றுபோலவே தெரியும். கடைக்காரரே தவறாகச் சொல்லிவிடுவார். ஒரே வரத்தில் வந்த, வால் அடியில் கரும்புள்ளி மறையாத சிறு மீன்களாகப் பார்த்து வாங்குவது ஓரளவு பாதுகாப்பு. நான்கையும் ஒரே நாளில் விட வேண்டும். ஓர் ஆணோடு ஒரே ஒரு பெண்ணை விட்டால் துரத்தல் முழுவதும் அந்தப் பெண்ணின் மேல்தான் விழும். மூன்று இருந்தால் அது பங்கிடப்படும். முதல் சில மாதங்கள் தொட்டி மங்கலாகத்தான் இருக்கும். பிறகு நான்கில் பெரியது மெல்ல நிறம் மாறும், துடுப்பு நீளும், மாலையில் மற்ற மூன்றின் முன்னால் போய் மின்னத் தொடங்கும்.