தணிந்த நாதம்

மென்மையான இசையே நமக்கு உகந்தது என்னும் எண்ணத்தோடுதான் 'சன்ஷைன் டஸ்ட்' என்ற இசைத்தொகுப்பைக் கேட்க அமர்ந்தேன். டில்லியில் தோன்றிய ஸ்கைஹார்பர் என்னும் மெட்டல் இசைக்குழுவினர் 2018-இல் வெளியிட்டது இது. குழுவினரின் இரைச்சல் தணிந்துவிட்டதே என்று குறைப்பட்டுக்கொண்டு, தஞ்சைக் கல்லூரி மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் இதனைக் கேட்கத் தந்தார். கேட்டு முடித்தபோது நானும் அவ்விரைச்சலைத் தேடிக்கொண்டிருந்தேன்!

மின்கிதாரின் கரகரத்த நாதமும் முரசுகளின் ஓயாத அதிர்வுமாக ஒலிக்கும் மெட்டல் இசை, நம் வாசகருள் பலர்க்கு வெறும் ஓசையாகவே தோன்றக்கூடும். ஆயினும் கேஷவ் தர் தனியொருவராகத் தொடங்கிய இம்முயற்சியில், 2012-இல் வந்த முதல் தொகுப்பிலேயே ஒரு கணக்கு இருந்தது. தாளத்தை முறித்து முறித்துச் செல்லும் கிதாருக்கு மேலே டேனியல் டாம்ப்கின்ஸின் தெளிந்த குரல் எழும். அக்குரல் எங்கே அமிழ்ந்துவிடுமோ என்ற அச்சமே கேட்பவரைக் கட்டிப்போடும். அத்தொகுப்பின் மறுபாதியிலோ சுனித் ரேவங்கரின் கர்ஜனை. 2014-இல் வந்த 'கைடிங் லைட்ஸ்' தொகுப்பில் வேகம் பெரிதும் அடங்கியது. எனினும் பாடல்கள் நீண்டு, பொறுமையாக விரிந்தன. அது உழைத்துப் பெற்ற மென்மை.

'சன்ஷைன் டஸ்ட்'டில் பாடுபவர் எரிக் எமரி. அவர் குரலில் குறையில்லை. ஆனால் பாடல்கள் குறுகிவிட்டன. பல்லவி விரைந்து வந்துவிடுகிறது. குரலோடு மோதிய கிதார் இப்பொழுது அதற்கு விரிப்பாகக் கிடக்கிறது. 'டிஸ்சென்ட்' என்ற பாடலில் மட்டும் பழைய கனம் தலைகாட்டுகிறது.

ஓசையைத் தணிப்பதே தாழ்வென்று காவிரிக் கரையில் வாழும் நாம் கூற இயலுமா? முன்னாளில் இங்கே ஒலித்தது குட்டையான, கூரிய ஓசையுடைய திமிரி நாயனம். பின்னர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை, நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியாரின் கைவண்ணத்தில் உருவான நீண்ட பாரி நாயனத்தை ஏற்றார். சுருதி இறங்கிற்று, காதைத் துளைக்கும் கூர்மை போயிற்று. ஆனால் கீழ்ச் சுரங்களில் நின்று நிதானிக்க இடம் கிடைத்தது. அவருடைய தோடி அவ்விடத்தில் விரிந்தது. (பக்கத்தில் தவில் தன் முழக்கத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை என்பதையும் மறக்கலாகாது.) ஸ்கைஹார்பர் குழுவினரும் இறக்கினர், இறக்கிய இடத்தில் எதனையும் வைக்கவில்லை.

அன்று மாலையே அம்மாணவரிடம் மீண்டும் கைப்பேசியை இரவல் வாங்கி, 2014-ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கேட்டேன்.