பாடலுள் 'நான்': புளூஸ் இசையும் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையைத் தமிழ் ஒப்பாரியோடு ஒப்பிட்டுப் பேசும் போக்கு உண்டு. சோகம் என்னும் ஒரு பண்பை மட்டும் பற்றிக்கொள்ளும் அவ்வொப்பீடு போதாது. வடிவம், நிகழ்த்தும் சூழல், மேடையேற்றம் ஆகியவற்றைக் கொண்டு நோக்கினால், குமரி மாவட்ட வில்லுப்பாட்டே புளூசோடு வைத்து ஆராயத்தக்கது. பாடலில் 'நான்' என்று பேசுபவர் யார் என்னும் வினாவே இரு மரபுகளையும் இணைக்கிறது. பிரிப்பதும் அதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: புளூஸ், ஜாஸ், வில்லுப்பாட்டு, நாஞ்சில் நாடு, கொடை விழா, மேடையேற்றம்

முன்னுரை

இன்றைய குமரி மாவட்டம் அடங்கியிருந்த திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அரச அறிவிப்பு 1855இல் வெளியானது. அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தம் 1865இல் நிறைவேறியது. இரு நிலங்களிலும் பிறர் வயலில் உழைத்தோர் பாடினர். அமெரிக்க வயற்பாடல் புளூசாகி, ஜாசில் கலந்து, இருபதாம் நூற்றாண்டு உலக இசையின் அடித்தளமாயிற்று. நாஞ்சில் நாட்டின் நடவுப்பாடல் வரப்பைத் தாண்டவில்லை. இங்கிருந்து மேடைக்கும் வானொலிக்கும் சென்ற வடிவம் வில்லுப்பாட்டு. ஆகவே, ஒரு நாட்டார் இசை தன் நிலத்தை விட்டுப் புறப்படும்போது எதைக் கொண்டு செல்கிறது, எதை விட்டுச் செல்கிறது என்னும் வினாவை அதனிடமே கேட்க வேண்டியுள்ளது.

புளூஸ்: வேரும் கிளையும்

ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட மக்களின் பாடல்முறையில் ஒருவர் பாட, கூட்டம் எதிர்ப்பாட்டுச் சொல்வது அடிப்படை. தோட்ட வேலையிலும் தேவாலயத்திலும் அதுவே நிலைத்தது. அடிமைகள் பாடுவதைக் கேட்டு அவர்கள் மகிழ்ச்சியாயிருப்பதாக எண்ணியோரின் அறியாமையைப் பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் கண்டித்தார். டு போய்ஸ் 1903இல் வெளியிட்ட நூலின் இறுதி இயலை அப்பாடல்களுக்கே ஒதுக்கினார்.

அம்மரபு புளூசாக உருப்பெற்றபோது பாடும் குரல் மாறியது. கூட்டத்தின் 'நாங்கள்' தனியொருவரின் 'நான்' ஆயிற்று. விடுதலைக்குப் பின் கறுப்பினத்தவர் தனித்து அலைந்து, வேலை தேடி, தம் வாழ்வைத் தாமே சுமக்க நேர்ந்ததன் விளைவாக இதனை அமிரி பராக்கா 1963இல் எழுதிய நூலில் விளக்கினார். பன்னிரு தாளக்கட்டுக்குள் முதலடியை ஒருமுறை சொல்லி, மீண்டும் சொல்லி, மூன்றாம் அடியில் முடிவைத் தருவது இதன் எளிய வடிவம். மீளச் சொல்லும் இடைவெளி, அடுத்த அடியைத் தேட உதவும். குரல் நின்றதும் கித்தார் விடை சொல்லும். ஜாஸ் இசையில் இந்த வினாவும் விடையும் கருவிகளுக்கிடையே நிகழ்ந்தன.

மேமி ஸ்மித் 1920இல் பாடிய இசைத்தட்டு பெருமளவில் விற்றபின் இவ்விசைக்குச் சந்தை பிறந்தது. ஆயினும் அதற்கு முன்பே, 1917இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு வெள்ளையர் குழு ஒன்றினுடையது என்பதை மறத்தலாகாது. பரவலும் பறிப்பும் தொடக்கம் முதலே உடன்சென்றன.

வில்லின் இரு பக்கங்கள்

வில்லுப்பாட்டின் இருக்கையே எதிர்ப்பாட்டின் அமைப்பு. வில்லின் நடுவில் அமர்ந்து வீசுகோலால் நாணை அடித்துப் பாடுபவர் புலவர் அல்லது அண்ணாவி. வலம் பாடுவோரும் இடம் பாடுவோரும் அடிகளை வாங்கிப் பாடுவர். குடமும் உடுக்கையும் தாளமும் உடன் ஒலிக்கும். பாடலை மீளச் சொல்வது புளூசைப் போலவே இங்கும் பாடுபவருக்கு மூச்சும் நினைவும் தருகிறது. ஆனால் ஜாசின் உடனடிக் கற்பனையை இங்கே தேடுவது பொருந்தாது. ஏட்டையும் கையெழுத்துப் படியையும் ஆதாரமாகக் கொண்டு பாடும் வழக்கம் இங்கு வலுவானது.

வில்லுப்பாட்டுக் கதைகளில் தெய்வப் பிறப்பைப் பாடுவன ஒருவகை; கொலையுண்டோ தற்கொலை செய்தோ மாண்டு தெய்வமானோரைப் பாடுவன மற்றொரு வகை. பிறப்பும் இறப்புமே இக்கலையின் இரு முனைகள் என்பதை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டியது. கொடை விழாவில் இறப்புக் கட்டம் பாடப்படும்போது கோமரத்தாடியின் மேல் சாமி இறங்கும். அதுவரை அண்ணாவி 'அவன்', 'அவள்' என்று பாடிய கதையின் தலைவர் அப்போது கோமரத்தாடியின் வாயால் 'நான்' என்று பேசுவார், குறை கேட்பார், படையல் கேட்பார். அநீதியாக இறந்தவருக்கு ஊர் நேர்நின்று விடை சொல்ல வேண்டிய கணம் அது.

ஆகவே புளூசில் துன்புற்ற 'நான்' பாடகரின் குரலிலேயே இருக்கிறது. வில்லுப்பாட்டில் அது பாடுபவரிடம் இல்லை. எதிரே ஆடுபவரின் உடலில் இருக்கிறது. இரு மரபுகளின் பிற்கால வரலாற்றை இவ்வேறுபாடே தீர்மானித்தது எனலாம்.

மேடையேற்றமும் விடுபட்டதும்

நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) வில்லைக் கோவில் முற்றத்துக்கு வெளியே பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். அவர் வழியில் வந்த நெல்லைச் சீமையின் சுப்பு ஆறுமுகம் அதனை வாழ்நாள் பணியாக்கினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காந்தியடிகள் கதை முதல் அரசின் நலத்திட்டங்கள் வரை வில்லில் ஏறின. 'கிந்தனார்' காலட்சேபத்தில் சாதி இழிவை எள்ளிய கலைவாணருக்குச் சமூக அக்கறை இல்லையென்று எவரும் சொல்லார். இங்குக் குறை நோக்கத்தில் இல்லை, வடிவத்தில் உள்ளது. மேடைக்கு வில் வந்தது, குடம் வந்தது, 'ஆமா' போடும் பக்கப்பாட்டு வந்தது. கோமரத்தாடி வரவில்லை. அவரோடு, இறந்தவரின் 'நான்' கோவிலிலேயே தங்கிவிட்டது. மேடையில் கதை சொல்பவர் மட்டுமே எஞ்சினார். விடை கேட்பவர் இல்லை.

மேடைக்கு வருமுன்பே பனுவலிலும் இத்தகைய நீக்கம் நிகழ்ந்துள்ளது. முத்துப்பட்டன் கதையில் பார்ப்பனக் குலத்தவன் ஒருவன் சக்கிலியர் குலப் பெண்கள் இருவரை மணக்கிறான். பின் கொலையுண்டு தெய்வமாகிறான். அப்பெண்கள் பிறப்பால் பார்ப்பனக் குழந்தைகளே என்று பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட திரிபை நா. வானமாமலை சுட்டிக்காட்டினார். சாதி மீறல் அழிக்கப்பட்டது. வழிபாடு மட்டும் தொடர்ந்தது.

புளூஸ் மரபிலும் இதற்கு இணையுண்டு. பிக் மாமா தார்ன்டன் 1952இல் பதிவுசெய்த 'ஹவுண்ட் டாக்', தன்னை உறிஞ்சி வாழும் ஆணை விரட்டும் பெண்ணின் பாடல். எல்விஸ் பிரெஸ்லி 1956இல் பாடிய வடிவத்தில் சொற்கள் மாறி, அப்பெண்ணின் வழக்கே மறைந்தது. ஆயினும் அதனை முதலில் எழுதியவர்கள் வெள்ளை இளைஞர் இருவர் என்பதால், 'எங்களது', 'உங்களது' என்னும் எளிய கணக்கு இங்குச் செல்லாது. வில்லுப்பாட்டுக்கும் இது பொருந்தும். கொடை நடத்தியோருள் நிலவுடைமையாளரும் உண்டு. எனவே ஒடுக்கப்பட்டோரின் கலப்பற்ற குரல் என்று அதனைப் போற்றுவது புகழ்ச்சியாகுமே தவிரத் திறனாய்வாகாது.

மரணத்தைப் பாடும் மேடை

மேடையேறினாலே இழப்பு உறுதி என்று கொள்ள வேண்டியதில்லை. கறுப்பினத்தவரைக் கும்பல் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைச் சொல்லும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடலைப் பில்லி ஹாலிடே 1939இல் நியூயார்க் கேளிக்கை விடுதியொன்றில் பாடத் தொடங்கினார். அது நிகழ்ச்சியின் இறுதியில்தான் பாடப்படும். அப்போது பரிமாறுவது நிற்கும், விளக்குகள் அணையும், பாடகர் முகத்தில் மட்டும் ஒளி விழும். மறுமுறை பாடுவதில்லை. அப்பாடலிலும் இறந்தவர் 'நான்' என்று பேசுவதில்லை. எனினும் உண்பதையும் பேசுவதையும் நிறுத்தவைத்ததன் மூலம், கேட்போர் அம்மரணத்தின் முன் நின்றாக வேண்டிய நிலையை அம்மேடை உண்டாக்கியது. சாமக்கொடையின் இறப்புக் கட்டம் ஊருக்கு விதிப்பதும் அத்தகைய கட்டுப்பாட்டையே. அமெரிக்க மேடை தனக்கென ஒரு சடங்கை ஆக்கிக்கொண்டது. நம் மேடை கையிலிருந்த சடங்கைக் கைவிட்டுவிட்டு, அதன் இடத்தை நகைச்சுவையாலும் அறிவுரையாலும் நிரப்பியது.

முடிவுரை

புளூஸ் உலகெங்கும் பரவியதற்கு அதன் எளிய இசைக்கட்டு ஒரு காரணம். துன்பத்தைச் சொல்லும் 'நான்' பாடகரோடு பயணம் செய்ய முடிந்தது மற்றொரு காரணம். வில்லுப்பாட்டில் அந்த 'நான்' இன்னொருவரின் உடலில் இருந்தமையால் கலை புறப்பட்டபோது அது பின்தங்கியது. ஆதலால் வில்லுப்பாட்டை 'நம்மூர் புளூஸ்' என்று அழைப்பதால் அதற்குப் பெருமை சேராது. அப்பெயர், இரு கலைகளும் தம் இறந்தோரை நடத்திய முறையை மறைத்துவிடும். ஒரு கலையின் தாக்கத்தை எழுதுவோர் அது சென்று சேர்ந்த ஊர்களின் பட்டியலோடு நின்றுவிடலாகாது. முப்பந்தல் இசக்கியின் கதையை அடுத்துப் பொதுமேடையில் பாடப்போகும் குழுவிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த மேடையில் இசக்கி எங்கே நிற்பாள், அவள் கேட்டால் யார் விடை சொல்வார்?